மோட்டார் எஞ்சினின் மூச்சும் உணவும்

விறகடுப்பில் சமைத்துப் பழகிய நம் நாட்டுப் பெண்மணிகளுக்கு எரிதலின் இலக்கணத்தை எவரும் ஏட்டில் எழுதிக் கற்பித்ததில்லை. ஆயினும், அடுப்பில் விறகை மிகுதியாகத் திணித்தால் புகை மண்டும் என்பதும், சற்றே வெளியில் இழுத்து ஊதுகுழலால் ஊதினால் சுடர் எழும் என்பதும், விறகு குறைந்துவிட்டால் எவ்வளவு ஊதினாலும் உலை கொதியாது என்பதும் அவர்கள் நன்கறிந்த செய்திகள். மோட்டார்க் காரின் எஞ்சினுக்குள் நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே. அங்கே விறகின் இடத்தில் பெட்ரோல் இருக்கிறது. ஊதுகுழலுக்கு ஈடாக, எஞ்சின் தானே காற்றை உறிஞ்சிக் கொள்கிறது. காற்று அதன் மூச்சு. பெட்ரோல் அதன் உணவு. இவ்விரண்டும் உரிய அளவில் கலந்தால் வண்டி இனிது ஓடும். அளவு பிறழ்ந்தால் கோளாறு தோன்றும்.

அக்கோளாற்றை எவ்வாறு இனங்கண்டு கொள்வது என்பதை இங்கே ஆராய்வோம். நாம் எல்லோரும் மெக்கானிக் ஆகிவிட வேண்டும் என்பது நோக்கமன்று. கார் வைத்திருப்போரும், வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்போரும், பட்டறையில் தமக்குக் கூறப்படுவதன் பொருளை அறிந்துகொண்டால் வேண்டாத செலவை விலக்கலாம். ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானத்தை இழக்கும் ஓட்டுநருக்கு இது சிறிய செய்தியன்று. சில வேளைகளில் இவ்வறிவு உயிரையும் காக்கும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதற்கண் அளவைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில், கன அளவில், ஏறத்தாழ 21 விழுக்காடுதான் பிராணவாயு, அதாவது ஆக்ஸிஜன். 78 விழுக்காடு நைட்ரஜன். எரிவதற்கு உதவுவது பிராணவாயு மட்டுமே. எனவே சிறிதளவு பெட்ரோலை எரிப்பதற்கும் பெருமளவு காற்று வேண்டியிருக்கிறது. பெட்ரோலும் பிராணவாயுவும் ஒன்றும் மிஞ்சாமல் எரிந்து தீர வேண்டுமானால், ஒரு கிலோகிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. எடையில் கூறும்போது இதன் வியப்பு தெரிவதில்லை. கன அளவில் கணக்கிட்டால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும்! முப்பது லிட்டர் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு புறப்படும் கார், அதனைச் செலவிட்டு முடிப்பதற்குள் இரண்டே முக்கால் லட்சம் லிட்டர் காற்றை உட்கொண்டு விடுகிறது. நாம் விலை கொடுத்து வாங்குவது பெட்ரோலை மட்டுமே ஆதலின், விலையின்றி வரும் காற்றை மறந்துவிடுகிறோம். எஞ்சின் கோளாறுகளுள் பல, இந்த மறந்த பங்காளியினிடமிருந்தே தோன்றுகின்றன.

14.7 என்னும் இவ்வெண் எல்லா நிலைக்கும் பொதுவானதன்று. மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்கு உச்ச வலிமை வேண்டும். அப்போது கலவை 12.5 அல்லது 13 என்ற அளவில் பெட்ரோல் மிகுந்து இருத்தல் நலம். சமவெளியில் சிக்கனமாக ஓட 16 வரை காற்று மிகுந்தாலும் தாழ்வில்லை. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது பெட்ரோல் முழுவதும் ஆவியாவதில்லை. எனவே மிகுதியாகக் கொடுக்க வேண்டும். மேலும், இக்காலத்தில் நம் நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலந்து விற்கப்படுகிறது. எத்தனால் தன்னுள்ளேயே பிராணவாயுவைக் கொண்டிருப்பதால், ஒரு கிலோகிராம் எத்தனாலுக்கு 9 கிலோகிராம் காற்றே போதும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.7 என்னும் அளவு ஏறத்தாழ 13.5 ஆகக் குறைந்துவிடுகிறது. தூய பெட்ரோலுக்கென அளவு வைத்த பழைய வண்டியில் இதே எரிபொருளை ஊற்றினால், அதன் கலவை சற்றே காற்று மிகுந்ததாக மாறிவிடும்.

பெட்ரோல் மிகுந்த கலவையைக் கொழுத்த கலவை என்றும், காற்று மிகுந்த கலவையை மெலிந்த கலவை என்றும் நாம் வழங்குவோம். பட்டறையில் இவற்றை 'ரிச்' என்றும் 'லீன்' என்றும் கூறுவர். வந்துள்ள நோய் இவ்விரண்டில் எது என்று துணிவதே முதற்படி.

கொழுத்த கலவையின் அடையாளங்கள் கண்ணுக்கும் மூக்குக்கும் புலனாகின்றன. புகைக்குழாயிலிருந்து கரும்புகை வரும். பெட்ரோல் நாற்றம் வீசும். மைலேஜ் குறையும். சூடான எஞ்சினை நிறுத்தி, மீண்டும் கிளப்பினால் எளிதில் கிளம்பாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனையில் விளக்குக் கரி போன்ற உலர்ந்த கருமை படிந்திருக்கும்.

மெலிந்த கலவையின் அடையாளங்கள் வேறு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் வண்டி பாயாமல் ஒரு கணம் தயங்கும். பிக்கப் இல்லை என்று ஓட்டுநர் குறைகூறுவார். வண்டி நிற்கையில் எஞ்சின் சீராக ஓடாமல், ஏறியும் இறங்கியும் மூச்சு வாங்கும். ஓட்டத்தில் உதறலும் மிஸ்ஸிங்கும் தோன்றும். மெலிந்த கலவை மெதுவாக எரியும் இயல்புடையது. எனவே அடுத்த முறை உள்வால்வு திறக்கும்போதும் சிறிது தீ எஞ்சியிருந்து, காற்று வரும் வழியே திரும்பிச் சீறுவதும் உண்டு. இதனை எஞ்சின் இருமுகிறது என்பர். பிளக்கின் முனை வெளுத்துச் சுண்ணாம்பு பூசியது போல் இருக்கும். சுமை மிகுந்த நிலையில் இத்தகைய கலவை நீடித்தால் எஞ்சினில் தட்டொலி எழும். வால்வுகளும் பிஸ்டனும் கருகிக் கெடும். கொழுத்த கலவை பணப்பையை அரிக்கும் என்றால், மெலிந்த கலவை எஞ்சினையே அரிக்கும் எனலாம்.

ஆரோக்கியமான பிளக்கின் முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எல்லாக் கருமையும் கொழுத்த கலவையின் விளைவன்று. கருமை ஈரமாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால், எஞ்சின் ஆயில் உள்ளே கசிகிறது என்பது பொருள். அப்போது புகையும் நீலமாக இருக்கும். வெண்புகை ஓயாது வந்து, ரேடியேட்டரில் நீரும் குறைந்துகொண்டே போனால், நீர் எஞ்சினுக்குள் புகுகிறது என்று அறியலாம். குளிர்கால விடியலில் சிறிது நேரம் வந்து மறையும் வெண்ணிற ஆவியோ நோயன்று. எரிதலில் இயல்பாக உண்டாகும் நீராவியே அது. கலவைக் கோளாறு என்று எண்ணிக் காசைச் செலவிடுமுன், இவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

இனி, காற்றையும் பெட்ரோலையும் கலப்பித்து வந்த கருவிகளைப் பார்ப்போம். குறுகிய வழியில் பாயும்போது திரவத்தின் வேகம் மிகுந்து அழுத்தம் குறைகிறது என்பதை இத்தாலிய அறிஞர் வெஞ்சூரி 1797-ஆம் ஆண்டு விளக்கினார். காற்றுக்கும் இது பொருந்தும். இதனைப் பயன்படுத்தி, நுண்ணிய துளை வழியே பெட்ரோலைக் காற்றில் தூவும் கார்புரேட்டரை ஜெர்மானியரான வில்ஹெல்ம் மேபாக் 1893-ஆம் ஆண்டு அமைத்தார். அத்துளையை ஜெட் என்பர். பெட்ரோலின் மட்டத்தை ஒரு மிதவை காத்து நிற்கும். குளிர்ந்த நேரத்தில் காற்றைக் குறைத்துப் பெட்ரோலை மிகுவிக்கச் சோக் என்னும் தடுப்பு உண்டு. அம்பாஸிடர், பிரிமியர் பத்மினி, 1983-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த மாருதி 800 ஆகிய கார்கள் பல்லாண்டுகள் இக்கருவியைக் கொண்டே ஓடின. பழைய கார்களைப் பேணி வருவோர் இன்றும் இதனோடு உறவாடுகின்றனர்.

கார்புரேட்டர் வண்டியில் நோயைத் துணிய ஓர் எளிய சோதனை உண்டு. எஞ்சின் நன்கு சூடேறிய பின்னர், அது சீரின்றி ஓடும் நிலையில், சோக்கைச் சிறிது சிறிதாக மூடிப் பார்க்க வேண்டும். அப்போது எஞ்சினின் ஓட்டம் திருந்துமானால், அதற்குப் பெட்ரோல் போதவில்லை, கலவை மெலிந்திருக்கிறது. ஓட்டம் மேலும் கெட்டு அணையப் பார்த்தால், முன்னமே கொழுத்திருக்கிறது. மெலிந்தது என்று தெரிந்தால், ஜெட்டில் தூசி அடைத்திருக்கலாம். மிதவையின் மட்டம் தாழ்ந்திருக்கலாம். கார்புரேட்டரின் அடியிலுள்ள காஸ்கட் வழியே காற்று திருட்டுத்தனமாகப் புகலாம். கொழுத்தது என்று தெரிந்தால், சோக் முழுவதும் திறவாமல் சிக்கியிருக்கலாம். மிதவையின் ஊசி வால்வு தேய்ந்திருக்கலாம். காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கலாம். கருவி ஏதுமின்றி ஒரு விரலால் செய்யத்தக்க இச்சோதனை, காரணங்களுள் பாதியை ஒரே நொடியில் விலக்கிவிடுகிறது.

கார்புரேட்டரில் பழுது ஏதுமில்லாமலும் கலவை கெடுவதுண்டு. டில்லியில் செம்மையாக ஓடிய கார்புரேட்டர் வண்டி, சிம்லாவை நெருங்கும்போது திணறுவதைப் பலர் கண்டிருப்பர். சிம்லா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் அது பத்தில் ஏழு பங்காகக் குறைகிறது. காற்று மெலிந்துபோனதைக் கார்புரேட்டர் முழுவதும் உணர மாட்டாது. ஜெட் பழைய வழக்கப்படியே பெட்ரோலைத் தூவும். ஆகவே மலையேற ஏறக் கலவை கொழுக்கும், கரும்புகை வரும், வலிமை குன்றும். மலையிலிருந்து இறங்கினால் நோய் தானே நீங்கும். இதனை அறியாமல் மலையின் மேல் ஜெட்டை மாற்றி, சமவெளிக்கு வந்தபின் அப்படியே விட்டுவிட்டால், கலவை மெலிந்து எஞ்சின் சூடேறிக் கெடும்.

இக்குறையும் நகரங்களின் புகையுமே கார்புரேட்டருக்கு விடை கொடுத்தன. தலைநகர்ப் பகுதியில் பதிவாகும் தனியார் கார்கள் 1999 ஜூன் முதல் யூரோ 1 விதிகளையும், 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 விதிகளையும் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999 ஏப்ரலில் ஆணையிட்டது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் கலவாத பெட்ரோலே விற்பனைக்கு வந்தது. புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் மறைந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் இடம்பெற்றன. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பாரத் நிலை 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன.

இன்ஜெக்டர் எவ்வளவு பீச்ச வேண்டும் என்பதை ஒரு சிறு கம்ப்யூட்டர் கணக்கிட்டுக் கட்டளையிடுகிறது. அக்கணக்குக்கு உதவப் பல சென்ஸார்கள் செய்தி அனுப்புகின்றன. ஒன்று காற்றின் அளவையோ அழுத்தத்தையோ கூறும். மற்றொன்று எஞ்சினின் வெப்பத்தைக் கூறும். இவற்றுள் தலையாயது புகைக்குழாயில் பொருத்தப்பட்ட ஆக்ஸிஜன் சென்ஸார். 1976-ஆம் ஆண்டு வோல்வோ கார்களில் இது முதன்முதலாக இடம்பெற்றது. ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் சூடான பின்னரே இது செவ்வனே வேலை செய்யும். எரிந்து வெளிவரும் புகையில் பிராணவாயு மிஞ்சியிருந்தால் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவிலும், மிஞ்சாதிருந்தால் பத்தில் ஒன்பது பங்கு அளவிலும் மின்னழுத்தம் காட்டும். அதனைக் கண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் ஓயாமல் திருத்திக் கொண்டிருக்கும். திருத்தியும் அடங்காத நிலையில், ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் எஞ்சின் வடிவ விளக்கை ஏற்றி, ஒரு குறியெண்ணைப் பதிந்து வைக்கும்.

இவ்விடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. பட்டறையில் ஸ்கேனரை இணைத்துப் பார்த்ததும், பி 0171 என்ற குறி தோன்றுகிறது எனக் கொள்வோம். கலவை மெலிந்திருக்கிறது என்பது அதன் பொருள். இதைச் சொன்னது ஆக்ஸிஜன் சென்ஸார். உடனே, "சென்ஸார் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்ற முடிவு கூறப்படுகிறது. ஆயிரக்கணக்கில் பணம் செலவாகிறது. புதிய சென்ஸார் வருகிறது. இரண்டு நாளில் அதே விளக்கு மீண்டும் எரிகிறது. புதிய சென்ஸாரும் பழையது கூறிய அதே செய்தியைக் கூறுகிறது என்பதே இதன் பொருள். இலங்கையின் அரசவையில் அனுமனைக் கொல்லுமாறு இராவணன் பணித்தபோது, தூதுவனைக் கொல்லுதல் முறையன்று என்று விபீடணன் தடுத்ததை நாம் அறிவோம். சென்ஸாரும் ஒரு தூதுவனே. செய்தி கசப்பாக இருக்கிறது என்பதற்காகத் தூதுவனைத் தண்டித்துப் பயனில்லை.

தூதுவனும் நோயுறலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆண்டுகள் பல ஆன சென்ஸார் மந்தப்படும். ஆனால் அதைச் சோதித்துத் துணிய வேண்டுமேயன்றி, ஊகித்துத் துணியலாகாது. சூடேறிய எஞ்சினில் அதன் மின்னழுத்தம் மேலும் கீழுமாக விரைந்து ஊசலாடுகிறதா என்று ஸ்கேனரில் பார்க்கலாம். மெலிந்தது என்று கூறும் சென்ஸாருக்குச் சிறிது கொழுத்த கலவையைக் கொடுத்து, உடனே அது தன் சொல்லை மாற்றிக் கொள்கிறதா என்றும் பார்க்கலாம். மாற்றிக் கொண்டால் தூதுவன் நேர்மையானவன்.

தூதுவன் நேர்மையானவன் ஆயினும் அவன் சொல்லை நாம் சரியாக மொழிபெயர்த்துக் கொள்ள வேண்டும். கோப்புகளை மொழிபெயர்ப்போர் யாவரும் அறிந்தபடி, மூலத்தில் உள்ள ஒரு சொல்லுக்கு அதில் இல்லாத பொருளை ஏற்றினால் முழு வாக்கியமும் தடம் புரளும். ஆக்ஸிஜன் சென்ஸாரின் மூலமொழி மிகச் சிறியது. பிராணவாயு மிஞ்சியிருக்கிறது, மிஞ்சவில்லை என்னும் இரண்டே செய்திகளை அது அறியும். பெட்ரோல் என்ற சொல்லே அதன் அகராதியில் இல்லை! "பிராணவாயு மிஞ்சியிருக்கிறது" என்று அது கூறுவதை, "பெட்ரோல் போதவில்லை" என்று நாமும் கம்ப்யூட்டரும் பெயர்த்துக் கொள்கிறோம். பெரும்பாலும் அது சரியே, எப்போதும் அன்று.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். நான்கு சிலிண்டர்களுள் ஒன்றில் பிளக் பழுதாகித் தீப்பொறி எழவில்லை. அச்சிலிண்டருக்குள் சென்ற காற்றும் பெட்ரோலும் எரியாமல் அப்படியே வெளியேறுகின்றன. எரியாத காற்றிலுள்ள பிராணவாயுவை உணர்ந்த சென்ஸார், மிஞ்சியிருக்கிறது என்று மெய்யே கூறுகிறது. அருகிலேயே செல்லும் எரியாத பெட்ரோலை அது உணர்வதில்லை. கம்ப்யூட்டர் பெட்ரோலை இன்னும் கூட்டுகிறது. ஸ்கேனர் மெலிந்த கலவை என்கிறது. புகைக்குழாயிலோ பெட்ரோல் நாற்றம் வீசுகிறது! இம்முரண்பாட்டைக் கண்ட மாத்திரத்தில், கோளாறு கலவையில் இல்லை, தீப்பொறியில் இருக்கிறது என்று துணியலாம். புகைக்குழாயில் சென்ஸாருக்கு முன்னே ஒரு வெடிப்பு இருந்து, அதன் வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் இதே பொய்த் தோற்றம் உண்டாகும்.

கலவை உண்மையிலேயே மெலிந்துள்ளது எனில், காரணம் இரண்டில் ஒன்றாகும்: கணக்கில் வாராத காற்று உள்ளே புகுகிறது, அல்லது உரிய பெட்ரோல் வந்து சேரவில்லை. இவற்றைப் பிரித்தறியக் கம்ப்யூட்டர் செய்துவரும் திருத்தமே வழிகாட்டும். பட்டறையில் இதனை 'ஃப்யூயல் ட்ரிம்' என்பர். கூட்டல் குறியுடன் இருந்தால் பெட்ரோலைக் கூட்டுகிறது. கழித்தல் குறியுடன் இருந்தால் குறைக்கிறது. 10 விழுக்காட்டுக்கு உட்பட்ட திருத்தம் பொதுவாக இயல்பானது. 20 விழுக்காட்டைத் தாண்டினால் நோய் உண்டு.

இத்திருத்தத்தை இரு நிலைகளில் பார்க்க வேண்டும். முதலாவது, வண்டி நிற்கையில் எஞ்சின் மெதுவாக ஓடும் நிலை. இதனை ஐட்லிங் என்பர். இரண்டாவது, நிமிடத்துக்கு 2,500 சுற்று என்னும் அளவில் ஓடும் நிலை. ஐட்லிங்கில் திருத்தம் மிகுந்திருந்து, வேகம் கூடியதும் இயல்புக்குத் திரும்பினால், எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தோ காஸ்கட் தளர்ந்தோ காற்று புகுகிறது. காரணம் எளிது. ஐட்லிங்கில் எஞ்சின் உட்கொள்ளும் காற்று சிறிதே. அதில் ஒரு சிறு துளையின் வழியே புகும் காற்றும் பெரும் பங்காகிவிடும். வேகம் கூடிப் பெருங்காற்று பாயும்போது அப்பங்கு அற்பமாகிவிடும். இதற்கு மாறாக, ஐட்லிங்கில் யாவும் இயல்பாக இருந்து, வேகமும் சுமையும் கூடக்கூடத் திருத்தம் ஏறிக்கொண்டே போனால், பெட்ரோல் போதவில்லை; ஃப்யூயல் பம்ப் சோர்ந்திருக்கலாம், பெட்ரோல் வடிகட்டி அடைபட்டிருக்கலாம், அல்லது காற்றை அளக்கும் சென்ஸாரில் அழுக்குப் படிந்து அது குறைத்துக் கூறலாம்.

ஒன்றை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். நம் நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றில் காற்றின் ஓட்டத்தை நேரே அளக்கும் சென்ஸார் இல்லை. உள்வழியின் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடும் சென்ஸாரே உண்டு. அத்தகைய வண்டியில் புகுந்த காற்றும் அழுத்தத்தை உயர்த்துவதால், கம்ப்யூட்டர் அதையும் கணக்கில் சேர்த்துப் பெட்ரோல் கொடுத்துவிடும். அப்போது கலவை மெலிவதைக் காட்டிலும், ஐட்லிங் வேகம் காரணமின்றி உயர்ந்து நிற்பதே கசிவின் அடையாளமாகும்.

கசிவைத் தேடும்போது, எஞ்சின் ஓடுகையில் 'உஸ்' என்ற ஒலி வரும் இடத்தைச் செவியால் அறியலாம். ஐயத்துக்குரிய இணைப்பில் சோப்பு நீரைத் தெளித்தால், அது உள்ளே உறிஞ்சப்படும்போது எஞ்சினின் ஒலி மாறும். எஞ்சினை நிறுத்தி, உள்வழியில் மெல்லிய புகையைச் செலுத்தி, அது எங்கே வெளிப்படுகிறது என்று பார்ப்பது எல்லாவற்றிலும் நம்பகமான முறை. சிலர் சூடான எஞ்சின் மீது பெட்ரோலைத் தெளித்துச் சோதிக்கின்றனர். இது தீயை விலைக்கு வாங்கும் செயல். நம் வண்டியில் இதனை ஒருபோதும் அனுமதிக்கலாகாது.

இன்ஜெக்டர் வண்டியில் கலவை கொழுத்திருந்தால், விலை மலிந்த ஒரு பொருளை முதலில் ஐயுற வேண்டும். எஞ்சினின் வெப்பத்தைக் கூறும் சென்ஸார் பழுதாகி, எப்போதும் குளிர்ந்திருக்கிறது என்றே சொல்லிக் கொண்டிருந்தால், கம்ப்யூட்டர் குளிர்காலக் கணக்கிலேயே பெட்ரோலைப் பீச்சிக் கொண்டிருக்கும். தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்று எஞ்சின் உண்மையாகவே சூடேறாமல் போனாலும் இதே விளைவுதான். நெடுந்தொலைவு ஓடிய பின்னும் ஸ்கேனர் 40 பாகை வெப்பம் காட்டினால் காரணம் அகப்பட்டுவிட்டது. அடுத்து, கசியும் இன்ஜெக்டர், பெட்ரோலின் அழுத்தத்தைக் காக்கும் கருவியில் கிழிந்த சவ்வு ஆகியவற்றைப் பார்க்கலாம். கார்புரேட்டர் வண்டியில் அடைபட்ட காற்று வடிகட்டி கலவையைக் கொழுக்கச் செய்யும் என்று கண்டோம். இன்ஜெக்டர் வண்டியிலோ கம்ப்யூட்டர் உள்ளே வந்த காற்றுக்கேற்பவே பெட்ரோல் கொடுப்பதால், வடிகட்டி அடைபட்டால் வலிமை குன்றுமேயன்றிக் கலவை பெரிதும் கொழுப்பதில்லை. பழைய அறிவைப் புதிய வண்டிக்கு அப்படியே பொருத்துதல் கூடாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

கொழுத்த கலவையால் வரும் கேடு பெட்ரோல் செலவோடு நிற்பதில்லை. புகைக்குழாயில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் அரிய உலோகங்கள் பூசிய மாற்றி ஒன்று உண்டு. நச்சுவாயுக்களைத் தீங்கற்றவையாக மாற்றுவது அதன் தொழில். எரியாத பெட்ரோல் அதனுள் சென்று எரிந்தால், அது அளவுக்கு மீறிச் சூடேறி உருகிப் பாழாகும். சிறிய சென்ஸாரைக் கவனியாது விட்டவர் பெருந்தொகை கொடுத்து மாற்றியை வாங்க நேரிடும்.

அதனினும் கொடியது கார்பன் மோனாக்ஸைடு. பிராணவாயு போதாமல் பெட்ரோல் அரைகுறையாக எரியும்போது இவ்வாயு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இதனைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. தலைவலியும் மயக்கமும் தோன்றும். உறக்கத்தில் இருப்பவர் அவற்றையும் உணராமலே உயிரிழப்பர். வடநாட்டின் குளிர்கால இரவுகளில், கதவடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவதும், நிற்கும் காரில் கண்ணாடிகளை மூடி, எஞ்சினை ஓடவிட்டு உறங்குவதும் பேராபத்து. செம்மையான எஞ்சினுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். கலவை கொழுத்து, புகைக்குழாயும் ஓட்டையான வண்டிக்கு இருமடங்கு பொருந்தும்.

இவ்வாயுவின் அளவை அறிய நமக்கு எளிய வாய்ப்பு ஒன்று உள்ளது. புகைப் பரிசோதனைச் சான்றிதழை நாம் போலீசாரிடம் காட்டும் தாளாக மட்டும் கருதி மடித்து வைத்துவிடுகிறோம். அதில் கார்பன் மோனாக்ஸைடின் விழுக்காடு அச்சிடப்பட்டிருக்கிறது. பழைய வண்டிகளுக்கு 3 விழுக்காடு வரை இடந்தந்த விதி, பாரத் நிலை 4 முதலான வண்டிகளுக்கு 0.3 விழுக்காடு என்று இறுகியுள்ளது. சென்ற முறை இருந்த எண்ணையும் இம்முறை வந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தால், விளக்கு எரியுமுன்னரே நோயின் தொடக்கத்தை அறியலாம். நல்ல நிலையிலுள்ள மாற்றி கலவையின் சிறு குறையை ஓரளவு மறைத்துவிடும் என்பதையும் கருத்திற்கொண்டு இவ்வெண்ணைப் படிக்க வேண்டும்.

இனி, வண்டியைப் பட்டறையில் விடும்போது நாம் கேட்க வேண்டுவன யாவை? கலவை கொழுத்துள்ளதா, மெலிந்துள்ளதா என்று முதலில் கேட்போம். அது ஐட்லிங்கில் தோன்றுகிறதா, வேகத்தில் தோன்றுகிறதா என்று அடுத்துக் கேட்போம். மாற்றச் சொல்லும் பொருள் பழுதானது என்று எச்சோதனையால் தெரிந்தது என்று மூன்றாவதாகக் கேட்போம். நாமும் நம் பங்குக்கு, கோளாறு குளிர்ந்த எஞ்சினிலா சூடான எஞ்சினிலா, மேட்டிலா சமவெளியிலா, பெட்ரோல் நிரப்பிய உடனேயா என்று குறித்து வைத்துச் சொல்ல வேண்டும். நோயாளியின் வாய்மொழியின்றி மருத்துவர் மட்டும் என்ன செய்ய இயலும்? தொழிலில் தேர்ந்த மெக்கானிக் இக்கேள்விகளால் வருந்த மாட்டார். தம் வேலையை மதிக்கும் ஒருவர் வந்திருக்கிறார் என்றே மகிழ்வார். விலை மிகுந்த சென்ஸாரைக் கழற்றுமுன், விலை குறைந்த ரப்பர் ஹோஸை ஒரு முறை வளைத்துப் பார்க்கவும் அவர் தயங்க மாட்டார்.